சாமுராயும் பட்டறைப் பையனும் படித்த நைட் கிளாஸ்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த சில திருப்பங்கள் படிப்பதற்காகச் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்குக் கதை 1863ல ஜப்பான்ல தொடங்குது. ஆனா அதுக்கு முன்னாடி காசிமேட்டுல இருந்து ஒரு சின்னக் காட்சி.

ஏப்ரல் கடைசி வாரம். மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அந்த ரெண்டு மாசம்தான் படகுக்கு பெயின்ட், வலைக்குத் தையல், எஞ்சினுக்கு வேலை. எங்க மாமா, அம்மாவோட தம்பி, முப்பது வருஷமா படகு எஞ்சின் மெக்கானிக். நான் அப்போதான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடிச்சிருந்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ். வேலைக்காகக் காத்திருந்த நேரம். "வீட்ல சும்மா இருக்கிறதுக்கு வா பாப்பா"ன்னு மாமா கூட்டிட்டுப் போனாரு.

ஒரு லேலண்ட் எஞ்சினோட ஹெட்டைக் கழட்டி, கேஸ்கட் மாத்தி, திரும்ப உட்கார வெச்சாச்சு. என் கையில ஸ்பானரைக் குடுத்துட்டு, "ஹெட் போல்ட்டை எந்த வரிசையில டைட் பண்ணுவ?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. "நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிய போகணும் பாப்பா. ஒரே அடியா முறுக்கக் கூடாது. மூணு ரவுண்டு, கொஞ்சம் கொஞ்சமா"ன்னாரு. அப்புறம் கேட்டாரு: "நாலு வருஷம் இன்னாதான் படிச்ச?"

கிண்டலா கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாரு. அதுதான் வலிச்சுது.

ரேங்கின் சைக்கிள்ல 16 மார்க் கணக்கு குடுத்தா, ஸ்டீம் டேபிளை வெச்சு நான் தூக்கத்துலகூடப் போட்டுடுவேன். ஆனா ஒர்க்‌ஷாப்ல? எங்க வகுப்பு 60 பேர்ல பொண்ணுங்க 3 பேர். ஃபிட்டிங் ஷாப்ல, "நீங்க ரெக்கார்ட் எழுதுங்கம்மா, பசங்க ஃபைல் போடட்டும்"னு சொல்லிடுவாங்க. வி-ஜாயின்ட் சீனியர்கிட்ட இருந்து வந்துச்சு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல இருந்து வந்துச்சு. காசு குடுத்தா மாடல், ரிப்போர்ட், வைவா கேள்வி பதில் எல்லாம் ஒரே பையில.

இதோட மறுபக்கமும் இருக்கு. மாமா இளம் வயசுல ஒரு பெரிய கம்பெனி வாசல் வரைக்கும் போனவரு. ஐடிஐ சர்ட்டிஃபிகேட் இல்லைன்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அவர்கிட்ட கை இருக்கு, காகிதம் இல்ல. என்கிட்ட காகிதம் இருக்கு, கை இல்ல.

இந்த ரெண்டையும் யார், எப்போ பிரிச்சாங்க? சேர்த்து வைக்க யாராவது முயற்சி பண்ணாங்களா? பண்ணாங்க. அதுதான் இன்னைக்கு எபிசோட்.

உயிரைப் பணயம் வைத்த ஐந்து பேர்

1863. ஜப்பானில் இன்னும் ஷோகுன் ஆட்சி. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் மரண தண்டனை. அந்தச் சமயத்தில் சோஷூ என்ற பகுதியைச் சேர்ந்த ஐந்து இளம் சாமுராய்கள், குடுமியை வெட்டி, யோகோஹாமாவில் இருந்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனி உதவியோடு கள்ளத்தனமாகக் கப்பல் ஏறினார்கள். இதோ ஆயுதத்தோடு வாசலில் வந்து நிற்கும் வெள்ளைக்காரனை எதிர்க்க வேண்டும் என்றால், அவன் கப்பல் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். இதுதான் அவர்கள் கணக்கு.

ஷாங்காயில் ஒரு கூத்து நடந்ததாகச் சொல்வார்கள். "எதுக்குப்பா லண்டன் போறீங்க?" என்று கம்பெனி அதிகாரி கேட்டாராம். கடற்படை பற்றிப் படிக்க என்று சொல்ல வேண்டிய இடத்தில், தெரிந்த ஒரே ஆங்கில வார்த்தையாக 'நேவிகேஷன்' என்று சொல்லிவிட்டார்கள். ஓ, கப்பல் ஓட்டக் கத்துக்கணுமா என்று அவர்களில் இரண்டு பேரை மாலுமிகளோடு சேர்த்துக்கொண்டார்கள். லண்டன் போய்ச் சேரும்வரை தளம் கழுவி, கயிறு இழுத்து, பாய்மரம் ஏறி வேலை செய்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் இதோ ஹிரோபுமி. பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமர்.

ஐவரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் அலெக்சாண்டர் வில்லியம்சனிடம் சேர்ந்தார்கள். அடுத்த வருஷமே இதோவும் இன்னொருவரும், ஊரில் போர் வரப்போகுது என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். மீதி மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவரைத்தான் நாம இன்னைக்குப் பின்தொடரப் போறோம். பெயர் யமாவோ யோஸோ.

1866ல் யமாவோவுக்கு லண்டன் போதவில்லை. கப்பல் கட்டுறதைக் கண்ணால பார்க்கணும், கையால செய்யணும். அதற்கு ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ போக வேண்டும். கையில் காசில்லை. அப்போது லண்டனில் சத்சுமா பகுதியைச் சேர்ந்த ஜப்பானிய மாணவர்களும் இருந்தார்கள். ஊரில் சோஷூவும் சத்சுமாவும் ரத்தப் பகையாளிகளாக இருந்தவர்கள். ஆனாலும் அந்த மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரை ரயில் ஏற்றிவிட்டார்கள்.

பகலில் யார்டு, ராத்திரியில் வகுப்பு

அன்றைய கிளாஸ்கோ எப்படி இருந்தது? கிளைடு ஆற்றின் இரண்டு கரையிலும் கப்பல் கட்டும் யார்டுகள். நாள் முழுக்க ரிவெட் அடிக்கும் சத்தம். கடல் எஞ்சினுடைய வரலாற்றில் இந்த ஆறு ஒரு பரிசோதனைக்கூடம் மாதிரி.

அங்கே பெரிய தலைவலி நிலக்கரி. நீராவிக் கப்பல் தூரமாகப் போகணும்னா நிறைய கரி ஏத்தணும். கரி ஏத்தினா சரக்குக்கு இடம் இல்லை. 1854ல் ஜான் எல்டர் என்ற எஞ்சினியர் 'பிராண்டன்' என்ற கப்பலில் காம்பவுண்ட் எஞ்சினைப் பொருத்தினார். யோசனை எளிமையானது. அதிக அழுத்தத்தில் வரும் நீராவி முதலில் சின்ன சிலிண்டரில் விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளும். பாதி வேலை செய்த அதே நீராவியை வீணாக வெளியே விடாமல், பெரிய சிலிண்டருக்கு அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்கணும். கரிச்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நீராவிக் கப்பல் ஆசியா வரைக்கும் லாபத்தோடு வர முடியும் என்ற நிலை இதிலிருந்துதான் வந்தது.

நீராவி விரியும்போது வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்ற கணக்கை அதே ஊரில், அதே வருஷங்களில் எழுதிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? வில்லியம் ஜான் மாக்வோர்ன் ரேங்கின். ஆமா, அதே ரேங்கின். நம்ம 16 மார்க் ரேங்கின். நாலு வருஷம் எனக்கு அவரு ஒரு டயக்ராம் மட்டும்தான். அவரு கிளைடு யார்டுகளுக்குள்ள போய் வந்துட்டு இருந்த ஆள், கப்பல் கட்டுறதைப் பத்திப் பெரிய புத்தகம் போட்ட ஆள்னு யாரும் சொல்லலை.

ரேங்கின் 1855ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவியை 1840லேயே விக்டோரியா ராணி பெயரில் உருவாக்கியிருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. லத்தீனும் தத்துவமும் படிக்கும் இடத்தில் கொல்லன் வேலைக்கு என்ன இடம்? வெளியே யார்டு முதலாளிகளுக்கோ நேர் எதிர் சந்தேகம். புத்தகம் படிச்சவன் எப்படி எஞ்சின் செய்வான்? பிரிட்டனில் எஞ்சினியர் ஆக வழி அப்ரென்டிஸ்ஷிப்தான். பிரான்சில் பெரிய கணிதம், பெரிய காலேஜ். பிரிட்டனில் எண்ணெய்க் கை. இரண்டும் சேர வேண்டும் என்பதுதான் ரேங்கினுடைய வாழ்நாள் வாதம். அவருடைய முதல் சொற்பொழிவின் பொருளே தியரிக்கும் செய்முறைக்கும் உள்ள ஒத்திசைவுதான்.

இந்த ஊருக்குத்தான் யமாவோ வந்தார். பகலில் நேப்பியர் யார்டில் சாதாரணத் தொழிலாளர்களோடு வேலை. சாமுராய் குடும்பத்துப் பிள்ளை, சுத்தியல் பிடித்தார். ராத்திரி ஆண்டர்சன்ஸ் காலேஜில் மாலை வகுப்பு. 1796ல் தொடங்கிய அந்த இடம், வேலைக்குப் போகிறவர்களுக்கும் அறிவியல் சொல்லிக்கொடுத்த இடம்.

யார்டில் அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காது கேளாத தொழிலாளர்கள் சைகையில் பேசிக்கொண்டு, மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்ததை அங்கே பார்த்தார். அது மனசில் தங்கிவிட்டது. 1871ல், பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளி வேண்டும் என்று ஜப்பான் அரசிடம் மனு கொடுத்தார். யார்டுல நின்னு பார்த்தவருக்குத்தான் அது தோணியிருக்கும்.

அதே காலத்தில் அதே மாலை வகுப்புகளுக்கு இன்னொரு பையனும் வந்துகொண்டிருந்தான். ஹென்றி டயர். 1848ல் பிறந்தவன், பகலில் ஒரு எஞ்சின் பட்டறையில் அப்ரென்டிஸ். அவனுக்கும் யமாவோவுக்கும் அப்போது பழக்கமே இல்லை. ஒரே ஊர், ஒரே காலேஜ், ஒரே மாதிரி களைப்பு. அவ்வளவுதான். பிறகு டயர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ரேங்கினின் மாணவன் ஆனான்.

24 வயசு பிரின்சிபல்

யமாவோ 1868ல் ஊர் திரும்பியபோது ஷோகுன் ஆட்சி போயிருந்தது. புதிய மெய்ஜி அரசு பொதுப்பணிகளுக்காக ஒரு அமைச்சகம் தொடங்கியது. ரயில், தந்தி, கலங்கரை விளக்கம், கப்பல் யார்டு எல்லாம் அதன் கையில். எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு எஞ்சினியர்கள், பெரிய பெரிய சம்பளம். யமாவோ சொன்னார், நமக்கு ஒரு எஞ்சினியரிங் காலேஜ் வேண்டும். நாட்டில் தொழிற்சாலையே இல்லை, காலேஜ் எதற்கு என்று கேட்டார்கள். இன்னைக்குத் தொழில் இல்லாட்டி என்ன, ஆளை உருவாக்கினா அவங்க தொழிலை உருவாக்குவாங்க. இதுதான் அவருடைய வாதம்.

1872ல் இதோ பிரிட்டன் வந்தபோது ஆசிரியர்களைத் தேடினார். கேள்வி சுற்றி ரேங்கினிடம் வந்தது. அவர் டயரைச் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரிலேயே ரேங்கின் இறந்துபோனார். 1873ல் டயர் டோக்கியோவுக்குக் கப்பல் ஏறினார். வயசு 24. பதவி பிரின்சிபல். 25 வயசுல நான் மூணாவது இன்டர்வியூக்குப் போயிட்டிருந்தேன்.

பயணத்தின்போதே அவர் பாடத்திட்டத்தை எழுதினார். டோக்கியோவில் அதை வாங்கிப் பார்த்தவர் யமாவோ. அதே நைட் கிளாஸ் யமாவோ. ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டார்.

மொத்தம் ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் எல்லாருக்கும் பொது: ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், டிராயிங். நடு இரண்டு வருஷம் அவரவர் துறை: சிவில், மெக்கானிக்கல், தந்தி, கட்டடக்கலை, வேதியியல், சுரங்கம் மாதிரி. கப்பல் கட்டுமானம் பின்னால் சேர்ந்தது. இங்கே வகுப்பும் வேலையும் மாறி மாறி வரும். கடைசி இரண்டு வருஷம் முழுக்கக் களம். அகபானே என்ற இடத்தில் அரசின் பெரிய எஞ்சினியரிங் பட்டறை, அமைச்சகத்தின் கப்பல் யார்டுகள், ரயில் பாதைகள், சுரங்கங்கள். ஆறில் இரண்டு வருஷம்! நம்ம ஊர்ல 'இன்பிளான்ட் ட்ரெயினிங்'னு ரெண்டு வாரம் போய், லெட்டர் வாங்கிட்டு, குரூப் போட்டோ எடுத்துட்டு வருவோமே, அது இல்ல.

மாணவர்களில் பெரும்பாலானோர் பழைய சாமுராய் குடும்பத்துப் பிள்ளைகள். கை வேலை கீழ்ச்சாதிக்காரன் வேலை என்று கேட்டு வளர்ந்தவர்கள். இது நமக்குத் தெரியாத கதையா? அவர்களுக்கு டயர் பட்டறை உடை போட்டுவிட்டார். 1876ல் அரசு சாமுராய்கள் வாள் அணிவதையே தடை செய்தது. வாள் போன இடுப்புக்கு அளவுகோல் வந்தது.

1879ல் முதல் பேட்ச் வெளியே வந்தது. 23 பேர். அதில் 11 பேரை மேல்படிப்புக்கு பிரிட்டன் அனுப்பினார்கள். மெக்கானிக்கல் படித்த மியோஷி ஷின்ரோகுரோ கிளாஸ்கோவில் கப்பல் கட்டுமானம் படித்துத் திரும்பி, டோக்கியோவில் அதே துறையின் பேராசிரியர் ஆனார். மாணவராக இருந்தவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி ஒரு கதை சொல்லியே ஆகணும். தனபே சகுரோ, 1883ல் படிப்பை முடித்தவர். பீவா ஏரியில் இருந்து கியோட்டோ நகரத்துக்குக் கால்வாய் வெட்டுவது எப்படி என்பது அவருடைய இறுதி ஆய்வு. வலது கையில் காயம் பட்டு, இடது கையால் வரைபடம் போட்டு முடித்தார். கியோட்டோ நிர்வாகம் அந்த இளைஞனையே வேலைக்கு வைத்தது. 1890ல் கால்வாய் திறந்தது. அடுத்த வருஷம் அந்தத் தண்ணீரில் இருந்து மின்சாரமும் எடுத்தார்கள். என் ப்ராஜெக்ட் மாடல் வீட்டுப் பரண்ல இருக்கு. ஓடாது.

கப்பல் பக்கம் வருவோம். 1898ல் நாகசாகி யார்டில் 'ஹிட்டாச்சி மாரு' என்ற 6,000 டன் கப்பலைக் கட்டினார்கள். 1908ல் அதே யார்டில் 'டென்யோ மாரு', 13,000 டன், நீராவி டர்பைன். காலேஜ் திறந்து 35 வருஷம்.

இதைத் தேவதைக் கதையா சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அந்த அறிவு போருக்கும் போனது. 1905ல் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படையை ஜப்பான் நொறுக்கியது. ஜப்பானின் போர்க்கப்பல்களில் ஒன்றான 'அசாஹி' கிளைடு நதிக்கரையில் கட்டப்பட்டது. அதே ஆண்டு கொரியா ஜப்பானின் பிடிக்குள் போனது. அங்கே முதல் ரெசிடென்ட் ஜெனரலாகப் போனவர், தளம் கழுவிக்கொண்டு லண்டன் போன அதே இதோ. அந்த டோக்கியோ காலேஜின் எஞ்சினியரிங் வகுப்புகளில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

டயருக்கு என்ன ஆச்சு? 1882ல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷம், ஜான் எல்டரின் மனைவி இசபெல்லா எல்டர் கொடுத்த பணத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டுமானத்துக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவானது. டயர் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்கே எஞ்சினியரிங் படிப்பை வடிவமைச்சவருக்குச் சொந்த ஊர்ல நாற்காலி இல்லை.

தூத்துக்குடிக்கு வந்த கப்பல்

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி வரும். அதே பிரிட்டிஷ்காரங்க இங்கயும் காலேஜ் வெச்சாங்களே? வெச்சாங்க, அதுவும் ரொம்ப முன்னாடியே. கிண்டி காலேஜின் வேர் 1794ல் தொடங்கிய சர்வே ஸ்கூல். ரூர்க்கி 1847. டோக்கியோவுக்கெல்லாம் முன்னோடி. ஆனால் எதற்காக? நிலம் அளக்க, வரி போட, பொதுப்பணித்துறைக்கு ஆள் எடுக்க. கிண்டியில் மெக்கானிக்கல் வந்தது 1894ல். கப்பலும் எஞ்சினும் கிளைடில் இருந்து வரும்போது, இங்கே அதைச் செய்யக் கற்றுக்கொடுக்க ஆள்கிறவனுக்கு என்ன அவசரம்?

இந்தியக் கடலில் ஓடிய பிரிட்டிஷ் கப்பல்களின் எஞ்சின் அறையை நினைச்சுப் பாருங்க. கரி அள்ளிப் போட்டவர்கள் இந்திய லஸ்கர்கள். வால்வுப் பக்கத்தில் நின்ற எஞ்சினியர் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர். ஒரே அறை, ஒரே வெக்கை. ஆனா ஒருத்தருக்குத்தான் சர்ட்டிஃபிகேட்.

1906ல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது. அதன் பல கப்பல்கள் கிளைடில் பிறந்தவை. வ.உ.சி. மக்களிடம் பங்கு விற்று, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை வெளிநாட்டில் இருந்து வாங்கி வந்தார். 1908ல் அவரைச் சிறையில் போட்டார்கள். நாகசாகியில் டென்யோ மாரு முடிந்த அதே வருஷம். தைரியம் இங்கேயும் இருந்தது, பணமும் திரண்டது. கப்பல் செய்யக் கற்றுக்கொள்ளும் இடம் மட்டும் இல்லை. 1927ல்தான் பம்பாயில் 'டஃப்ரின்' பயிற்சிக் கப்பல் வந்தது. மரைன் எஞ்சினியரிங்குக்குத் தனிப் பயிற்சி நிலையம் கல்கத்தாவில் வந்தது 1949ல், சுதந்திரத்துக்குப் பிறகு.

மறுபடியும் காசிமேடு

டயரோட பாடத்திட்டத்தைப் படிச்சப்போ எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. 1873லயே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஏன் கிடைக்கலைன்னு. அப்புறம் யோசிச்சேன். எங்க சிலபஸ்லயும் ஒர்க்‌ஷாப் இருந்துச்சே. காகிதத்துல எல்லாமே இருந்துச்சு. யமாவோ சுத்தியல் பிடிச்சவர், டயர் பட்டறையில வளர்ந்தவர். அதனாலதான் அவங்களுக்குப் பட்டறைன்னா ரெக்கார்ட் நோட்டு இல்ல. அவங்க ரெண்டு பேருக்குமே வாசல் திறந்துவிட்டது ஒரு மாலை வகுப்பு. வேலை முடிச்சு, கை கழுவிட்டு வர்றவனையும் உள்ளே விட்ட ஒரு வகுப்பு.

எங்க மாமாவுக்கு அந்த வகுப்பு கிடைக்கல. எனக்கு அந்தப் பட்டறை கிடைக்கல.

அந்தத் தடைக்காலம் முடியுற வரைக்கும், ஜூன் 14 வரைக்கும், நான் தினமும் காசிமேடு போனேன். ஸ்க்ரூடிரைவரோட ஒரு முனையை எஞ்சின் மேல வெச்சு, மறுமுனையைக் காதுல வெச்சு, எந்த இடத்துல சத்தம் தப்பா வருதுன்னு மாமா கேக்கச் சொல்லிக் குடுத்தாரு. ஒரு நாள் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்ல உப்பு அடைச்சிருந்துச்சு. எஞ்சின் ஏன் சூடாகுதுன்னு அவருக்கு அனுபவத்துல தெரியும். எவ்வளவு சூடாகும்னு நான் ஒரு பழைய பில்லுக்குப் பின்னாடி கணக்கு போட்டுக் காட்டினேன். சட்டைப் பையில இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. "இத முன்னாடியே யாராவது சொல்லித் தந்திருந்தா நல்லா இருந்திருக்கும் பாப்பா"ன்னாரு.

ஜூன் 15 விடியக்காலையில அந்தப் படகு கடலுக்குப் போச்சு. ஹெட் போல்ட் நான் டைட் பண்ணது. நடுவுல இருந்து வெளிய, மூணு ரவுண்டு.

அடுத்த எபிசோட்ல விக்டோரியா டிரம்மண்ட். 1922ல் கப்பல் எஞ்சினியராகக் கடலுக்குப் போன பிரிட்டிஷ் பெண். சீஃப் எஞ்சினியர் தேர்வில் முப்பது தடவைக்கு மேல் ஃபெயில் ஆக்கப்பட்டவர். அதுக்கு முன்னாடி, உங்க ஒர்க்‌ஷாப் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. படிச்சவங்க மட்டும் இல்ல, உங்க வீட்டுல காகிதம் இல்லாத எஞ்சினியர் யாராவது இருந்தா, அவங்க குரலையும் சேர்த்து.